180 டாலர் பிஸ்டலை நம்பி வாங்கலாமா?

டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே கேஸ் ஸ்டேஷனும் அதை ஒட்டிய கடையும் நடத்தும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 41. கிரீன் கார்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. இரவு பூட்டும் வரை கல்லாவில் இவர், மதியம் மனைவி. பிள்ளைகள் இருவர்: ஒன்பது வயதில் ஒன்று, நான்கு வயதில் ஒன்று. மேல்படிப்புக்கு வந்த மைத்துனர் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறார். சமீபத்தில் பக்கத்துக் கடையில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து தூக்கமில்லை என்கிறார். கையில் ஒதுக்க முடிந்தது 200 டாலர். அந்தத் தொகைக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, துப்பாக்கிக் கடையில் புதிதாகக் கிடைக்கும் 180 டாலர் 9 எம்.எம். பிஸ்டல். இரண்டு, வாடிக்கையாளர் ஒருவர் 100 டாலருக்குத் தருவதாகச் சொல்லும் தொண்ணூறுகளில் செய்த சின்ன .380 பிஸ்டல். மூன்று, செக்யூரிட்டி வேலையில் இருக்கும் நண்பர் தனக்குக் கிடைக்கும் தள்ளுபடியில், தன் பெயரில், பெரிய கம்பெனி பிஸ்டல் ஒன்றை வாங்கித் தருகிறேன் என்கிறார். பணத்தைத் தவணையில் கொடுத்தால் போதுமாம்.

“மலிவாக வாங்கினால் கையிலேயே வெடித்துவிடும் என்று மனைவி பயப்படுகிறாள். ஆத்திர அவசரத்தில் சுடாமல் மக்கர் செய்யும் என்கிறார் ஒரு நண்பர். நம்பி வாங்கலாமா? மற்றபடி டெக்சாஸில் கடைக்குள் வந்த திருடனைச் சுட்டால் கேட்க ஆளில்லை என்பதால் அந்தக் கவலை இல்லை” என்று முடித்திருக்கிறார்.

நண்பரே, பழுதான பொருள்களால் அடிபட்டவர்களுக்காக வழக்கு நடத்துவதுதான் என் பிழைப்பு. அதனால் உங்கள் முதல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்று வழிகளில் ஒன்றுதான் தேறும். அது நீங்கள் அதிகம் சந்தேகப்படுகிற 180 டாலர் பிஸ்டல். அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு.

மலிவு எங்கே தெரியும்

அந்த விலையில் புதிதாகக் கிடைப்பவற்றில் பேர் பெற்றது ஓஹையோவில் செய்யப்படும் ஹை-பாயின்ட். அதைப் பற்றிய கேலிகளுக்குக் குறைவில்லை. மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு என்ற பாகத்தை எஃகில் கடையாமல், துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து எடுக்கிறார்கள். விலை இறங்குவதற்குப் பாதிக் காரணம் அது. மீதிக் காரணம் உள்ளே இருக்கும் வடிவமைப்பு. விலை கூடிய 9 எம்.எம். பிஸ்டல்களில் தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, அழுத்தம் குறைந்த பிறகு பிரியும். இதில் அந்தப் பூட்டே கிடையாது. ஸ்லைடின் வெறும் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதனால்தான் எட்டுத் தோட்டா பிடிக்கும் ஹை-பாயின்ட் சி9 வெறுமனே 800 கிராமுக்கு மேல் கனக்கிறது. பதினைந்து தோட்டா பிடிக்கும் கிளாக் 19 சுமார் 600 கிராம்தான்.

கனமும் அவலட்சணமும் ஆபத்தில் சேராது. உங்கள் மனைவி பயப்படுவது போல, சரியான தோட்டாவைப் போட்டால் அது கையில் வெடிக்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. கையில் வெடிக்கும் கேஸ்களில் பெரும்பாலும் வீட்டில் மருந்து நிரப்பிய தோட்டாவோ, குழலில் ஏற்கெனவே ஒன்று சிக்கியிருப்பது தெரியாமல் அடுத்ததைச் சுட்டதோதான் காரணமாக இருக்கும். விலையுயர்ந்த துப்பாக்கிக்கும் அதே கதிதான். ஹை-பாயின்ட் கம்பெனி ஆயுட்கால வாரண்டி தருகிறது. எத்தனையாவது கை மாறி வந்தாலும் பழுது பார்த்துக் கொடுக்கிறார்கள். இதற்கு மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கும் பல பொருள்களுக்கு இப்படி ஒரு வாரண்டி நான் பார்த்ததில்லை.

ஆனால் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பது வேறு. மதியம் கல்லாவில் இருப்பது உங்கள் மனைவி என்கிறீர்கள். அந்த விறைப்பான ஸ்பிரிங்கை எதிர்த்து ஸ்லைடை முழுசாகப் பின்னுக்கு இழுக்க அவரால் முடிகிறதா? கடையில் தோட்டா இல்லாத துப்பாக்கியை அவர் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி தூரம் இழுத்து விட்டால் தோட்டா உள்ளே ஏறாது, குறுக்கே சிக்கும். அப்படிச் சிக்கியதை எடுத்துவிடவும் அதே ஸ்லைடைத்தான் இழுத்தாக வேண்டும். இன்னொன்று, மற்ற பிஸ்டல்களைப் போல இதைக் கையால் கழற்ற வராது. ஒரு பின்னைத் தட்டி வெளியே எடுத்தால்தான் ஸ்லைடு கழலும். பலர் அதற்குச் சோம்பல்பட்டுத் துடைப்பதே இல்லை. பிறகு சிக்குகிறது என்று புகார்.

அவரால் இழுக்க முடியவில்லை என்றால் 200 டாலர் என்ற கணக்கைத் தளர்த்துங்கள். 300 டாலரை ஒட்டி டாரஸ் ஜி3சி, சில ரூகர் மாடல்கள், போலீஸ் இலாகாக்கள் மாற்றிவிட்டுக் கடைகளுக்குக் கொடுத்த பழைய பிஸ்டல்கள் எல்லாம் வந்துவிடும். என் நோட்டத்தில், போலீஸ் கழித்த துப்பாக்கி நல்ல பேரம். இடுப்பு உறையில் உரசி உரசிப் பெயின்ட் போயிருக்கும், சுட்டது என்னவோ குறைவாகத்தான் இருக்கும்.

சிக்காமல் சுடுகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்

மாடலின் பேரை வைத்து ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிஸ்டல் சிக்குவதற்கு முக்கால்வாசி காரணம் தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசின்: அதன் உதடு வளைந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மீதி, தோட்டாவின் முனை. பழகுவதற்குப் போடும் உருண்டை முனைத் தோட்டா வழுக்கிக்கொண்டு ஏறும். தற்காப்புக்கென்று விற்கும் குழி முனைத் தோட்டா அதே துப்பாக்கியில் வாயிலேயே முட்டி நிற்கலாம்.

ஆகவே சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சுக்குப் போய், எல்லா மேகசின்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, 200 சாதாரணத் தோட்டா சுடுங்கள். அதன் பிறகு கல்லாவில் எதை நிரப்பி வைப்பீர்களோ அந்தத் தோட்டாவில் 50 சுடுங்கள். சிலவற்றை ஒற்றைக் கையில், பிடி தளர்ந்த நிலையில் சுட்டுப் பாருங்கள். பயத்தில் அப்படித்தான் பிடிப்பீர்கள். முதல் சில டஜனில் ஒன்றிரண்டு சிக்கினால் புதுத் துப்பாக்கிக்கு அது சகஜம். கடைசி நூறில் சிக்கினால் கம்பெனிக்கு அனுப்புங்கள், கல்லாவில் வைக்காதீர்கள். தோட்டாவுக்கும் ரேஞ்ச் கட்டணத்துக்கும் பயிற்சி வகுப்புக்கும் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டிக்கும் சேர்த்தால் துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும். 200 டாலரில் முடித்துவிடலாம் என்ற எண்ணம் அங்கேதான் அடிபடுகிறது.

100 டாலர் .380-ஐத் தொடாதீர்கள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி இருந்த ஒரு சில கம்பெனிகள் இந்த மாதிரிச் சின்னப் பிஸ்டல்களை லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளின. ரேவன், லோர்சின், டேவிஸ், பிரைகோ என்று பெயர்கள். இறக்குமதியாகும் மட்டமான கைத்துப்பாக்கிகளை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. உள்நாட்டில் செய்வதைத் தடுக்கவில்லை. அந்தச் சந்துக்குள் வளர்ந்த தொழில் இது.

பிரைகோ பிஸ்டலால் நடந்த ஒரு விபத்தை எங்கள் துறையில் தெரியாதவர் இல்லை. 1994-இல் கலிஃபோர்னியாவில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த இளைஞர் ஒருவர் நல்ல எண்ணத்தில் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுக்க முயன்றார். அந்த மாடலில், சுட விடாமல் தடுக்கும் சேஃப்டி விசையைப் போட்டிருந்தால் ஸ்லைடு நகராது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்கவே சேஃப்டியை எடுத்துச் சுடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அவர் சேஃப்டியைத் தள்ளும்போது விரல் டிரிகரில் பட்டது. குண்டு பாய்ந்து, ஏழு வயதுப் பையனுக்குக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 2003-இல் ஓக்லாந்து ஜூரி கம்பெனித் தரப்பின் பங்காக 2.4 கோடி டாலர் விதித்தது. கம்பெனி மறுநாளே திவால் மனுப் போட்டது. லோர்சினும் டேவிஸும் அதற்கு முன்பே திவால். இன்று அந்தத் துப்பாக்கி உங்கள் கையில் தவறாக வெடித்தால் நான் யார் மேல் வழக்குப் போடுவது?

பழைய சின்னப் பிஸ்டல்கள் பலவற்றில் டிரிகரை அழுத்தினாலொழிய, தோட்டாவை இடித்து வெடிக்கவைக்கும் ஊசி முன்னே போகாதபடி தடுக்கும் பாகம் கிடையாது. தோட்டா ஏறிய நிலையில் தரையில் விழுந்தால் வெடிக்க வாய்ப்பு உண்டு. சிக்குவதால் வரும் ஆபத்தைவிட இது பெரிது, ஏனென்றால் கல்லா டிராயரிலிருந்து ஒரு பொருள் கீழே விழுவது அன்றாடம் நடப்பது.

அரசாங்கம் இதையெல்லாம் சோதித்துத்தானே விற்க விடும் என்று நினைத்திருப்பீர்கள். என் கட்சிக்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டோஸ்டரையும் பொம்மையையும் திரும்பப் பெற உத்தரவிடும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மேல் அதிகாரமே இல்லை. 1972-இல் அதை ஏற்படுத்திய சட்டத்திலேயே துப்பாக்கியை விலக்கிவிட்டார்கள். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் கீழே போட்டும் சுட்டும் பார்த்துப் பட்டியல் போடுகின்றன. டெக்சாஸில் அப்படி இல்லை. கம்பெனி மனமிருந்து திருத்தினால் உண்டு, அல்லது வழக்கில் திருத்த வைக்க வேண்டும். டாரஸின் பழைய ஒன்பது மாடல்களில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று வந்த வழக்கில், சுமார் பத்து லட்சம் பிஸ்டல்களுக்குச் சமரசம் ஆனது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

உடனே மலிவு என்றால் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்க ராணுவம் 2017-இல் தேர்ந்தெடுத்த பிஸ்டலின் பொதுமக்கள் மாடலான, சிக் சாவர் கம்பெனியின் பி320, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்று அதே ஆண்டில்தான் வெளிவந்தது. கம்பெனி இலவசமாக டிரிகரை மாற்றிக் கொடுக்க வேண்டிவந்தது. விலை அதிகம் கொடுத்தவர்கள் வாங்கியது அது. எந்தத் துப்பாக்கியானாலும் வாங்கும் முன் அதன் மாடல் பெயரைச் சொல்லி, கம்பெனி திருத்தம் ஏதாவது அறிவித்திருக்கிறதா, இந்தத் துப்பாக்கிக்கு அதைச் செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

நண்பரின் தள்ளுபடி

மூன்றாவது வழிதான் எனக்குக் கவலை தந்தது. கடையில் நிரப்பும் 4473 என்ற படிவம், துப்பாக்கி யாருக்காக வாங்கப்படுகிறது என்று கேட்கும். உங்கள் பணத்தில் உங்களுக்காக வாங்கிவிட்டு நண்பர் ‘எனக்கு’ என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம், மத்திய அரசுக் குற்றம். “இரண்டு பேருக்குமே வாங்கத் தகுதி இருக்கிறதே, அப்புறம் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனவர் ஒருவர் இருக்கிறார். வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர், போலீஸ் தள்ளுபடியில் தன் மாமாவுக்கு கிளாக் வாங்கிக் கொடுத்தார். மாமாவும் சட்டப்படி வாங்கத் தகுதி உள்ளவர். 2014-இல் அப்ராம்ஸ்கி வழக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. நண்பர் தன் காசில் உங்களுக்கு உண்மையாகவே அன்பளிப்பாகத் தந்தால் அது வேறு. தவணை கட்டும் அன்பளிப்பு என்று ஒன்று கிடையாது.

குடிமகன் இதில் மாட்டினால் தண்டனையோடு போகும். உங்களுக்குக் கிரீன் கார்டு. துப்பாக்கியை வாங்குவது, வைத்திருப்பது, கொண்டுபோவது தொடர்பாக எந்தச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றாலும் அது நாடு கடத்துவதற்குத் தனிக் காரணம் என்று குடியேற்றச் சட்டம் சொல்கிறது. மிச்சமாகும் நூறு டாலருக்காக அந்த அட்டையைப் பணயம் வைக்காதீர்கள்.

வாடிக்கையாளரிடம் நேரடியாக வாங்குவது டெக்சாஸில் சட்ட விரோதமில்லை, பின்னணி விசாரணையும் தேவையில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி எங்கே திருடப்பட்டது, எதற்குப் பயன்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. மேலே சொன்ன காரணமே போதாது என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைத்துனர்

கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள்: “வார இறுதியில் மச்சான் கடையில் இருந்தால் அவனும் எடுத்துக்கொள்ளலாம்.” எடுக்கக் கூடாது. மாணவர் விசா, எச்1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். 2022-க்குப் பிறகு 15 ஆண்டு வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்றாலும், வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். தெரிந்தே அவரிடம் கொடுத்தால் உங்களுக்கும் அதே அளவு தண்டனை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். மாணவர் விசாவில் வந்து, கல்லூரியை விட்டு விலக்கப்பட்டு விசா தகுதியை இழந்த பிறகு ஃபுளோரிடாவில் ரேஞ்சில் சுட்ட இளைஞர் ஒருவரின் வழக்குதான் 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ரெஹைஃப் வழக்கு. தன் நிலை என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்ததையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இதைப் படித்த பிறகு உங்கள் மைத்துனர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது, பாவம்.

ஆகவே துப்பாக்கிப் பெட்டியைத் திறக்கும் எண் அவருக்குத் தெரியக் கூடாது. (அவர் கல்லாவில் உட்காருவதே எஃப்-1 விசாவுக்குச் சிக்கல். அதற்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள்.)

அவர் வேலை கிடைக்காமல் சில மாதங்களாக யாருடனும் பேசாமல் அறையிலேயே கிடக்கிறார் என்றும் ஒரு வரி இருந்தது. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. மனசு சரியாகும் வரை வீட்டுக்குள் துப்பாக்கியைக் கொண்டுவராதீர்கள், கடையோடு நிற்கட்டும். அவரிடம் நேராக உட்கார்ந்து பேசுங்கள். 988 என்ற எண்ணில் எந்த நேரமும் ஆலோசகர் கிடைப்பார்.

பிள்ளைகள் விஷயத்தில் டெக்சாஸ் சட்டம் தெளிவு: 17 வயதுக்கு உட்பட்டவர் கையில் கிடைக்கும்படி தோட்டாவோடு அஜாக்கிரதையாக வைத்து, அது அவர் கைக்குப் போனால் குற்றம், அவர் சுட்டு உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஆனால் இன்னும் பெரிய குற்றம். கடைக்காரர் துப்பாக்கியோடு ஒரு கேபிள் பூட்டு தருவார். கல்லாவுக்கு அது உதவாது. விரலால் எண்ணை அழுத்தித் திறக்கும் எஃகுப் பெட்டியை மேஜைக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்குங்கள்.

கேட்க ஆளில்லையா?

கேட்பார்கள். துப்பாக்கியைக் காட்டி மிரட்டுபவனிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ளச் சுட டெக்சாஸ் சட்டம் இடம் தருகிறது. பீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுபவனைச் சுடுவது வேறு கணக்கு. சொத்தைக் காக்கச் சுடுவதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பிரிவில் நேரம், குற்றத்தின் வகை, வேறு வழியில் பொருளை மீட்க முடியுமா என்று அடுக்கடுக்காக நிபந்தனைகள் உண்டு. அவை பொருந்தினவா என்று பிறகு முடிவு செய்வது ஜூரி. பெட்ரோல் பம்ப் அருகே நிற்கும் ஒருவர் மேல் அஜாக்கிரதையாகப் பாய்ந்த தோட்டாவுக்குத் தற்காப்பு என்ற வாதமே நிற்காது. உங்கள் கடைக்கு வெளியே எப்போதும் யாராவது பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். கடையின் இன்ஷூரன்ஸ் பாலிசி, பெட்ரோல் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் இரண்டிலும் துப்பாக்கி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். சில ஒப்பந்தங்களில் கூடாது என்றே இருக்கும். அப்படி இருந்தால் இத்தனை பேச்சுக்கும் இடமில்லை.

எல்லாம் சரி, வாங்குவது என்று முடிவானால் லைசென்ஸ் உள்ள கடைக்கு நீங்களே போங்கள். கிரீன் கார்டும் டெக்சாஸ் டிரைவர் லைசென்ஸும் வேண்டும். லைசென்ஸில் இருப்பது நீங்கள் இப்போது குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டும். போன வருடம் வீடு மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். லைசென்ஸில் மாற்றியாயிற்றா என்று முதலில் பாருங்கள். பின்னணி விசாரணை சில நிமிடங்களில் முடியலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குச் சில சமயம் ‘தாமதம்’ என்று பதில் வரும். அது நிராகரிப்பு ஆகாது, சில நாள் பொறுத்தால் போதும்.